இன்வர்ட்டரில் போர் மோட்டார் ஓடும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள்

உசிலம்பட்டிப் பக்கம் கிராமத்தில் அப்பாவும் அம்மாவும் தனியாக இருக்கிறார்கள், எனக்கு வேலை மதுரையில். ஆடிக் காற்றில் ஒரு கிளை கம்பியில் விழுந்தால் போதும், அங்கே கரண்ட் வர ராத்திரி ஆகிவிடும். அதுபோக பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தினால் சாயங்காலம் 5 மணி. ஃபேன் இல்லாமல்கூட திண்ணையில் சமாளித்துவிடுவார்கள், தண்ணீர்தான் பாடு. போரில் 1 எச்.பி. மோட்டார், மேலே 500 லிட்டர் டேங்க். இரண்டு மாடு நிற்கிற வீட்டுக்கு அது எந்த மூலைக்கு?

அதனால் மதுரையில் ஒரு கடைக்குப் போய் முதலில் கேட்டதே, "அண்ணே, கரண்ட் போனா போர் மோட்டார் ஓடணும், ஓடுமா?" என்றுதான். "என்ன தம்பி, உங்க மோட்டார் 750 வாட்ஸ், இது 1100. தாராளமா ஓடும்" என்றார். இன்வர்ட்டர், 150 ஏ.எச். (ஆம்பியர் அவர்) ட்யூபுலர் பேட்டரி, ட்ராலி எல்லாம் சேர்த்து 24,000 ரூபாய். பில் கேட்டதற்கு, ஜி.எஸ்.டி. போட்டால் நாலாயிரம் கூடுதலாக ஆகும் என்று ஒரு எஸ்டிமேட் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். நாலாயிரம் மிச்சம் என்று நானும் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கி வந்தேன், அது என் தப்பு.

மாட்ட வந்த பையன்கள் விளக்கையும் ஃபேனையும் ஓட்டிக் காட்டினார்கள். மோட்டாரைப் போடச் சொன்னால், "டேங்க் ஃபுல்லா இருக்குண்ணே, வீணா வழியும், அப்புறம் போட்டுப் பாருங்க" என்று டூல்ஸைப் பையில் போட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

பத்து நாள் கழித்துக் கரண்ட் போனது. அப்பா ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தினால் பெட்டிக்குள் 'உம்ம்ம்' என்று ஒரு உறுமல், இன்வர்ட்டர் பீப் பீப் என்று கத்தி மொத்த வீடும் இருட்டு. மூன்று தடவை அழுத்தியிருக்கிறார், மூன்று தடவையும் அதே கதை. அம்மா போனில் சொன்னது: "வெளிச்சம் நல்லா இருக்குய்யா, அந்த வெளிச்சத்துல காலிக் குடத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம்."

ஊர் எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். 1100 என்பது வி.ஏ. (வோல்ட் ஆம்பியர்), வாட்ஸ் கிடையாது, வாட்ஸ் கணக்கில் 900-ஐ ஒட்டித்தான் வரும். 750 என்பது மோட்டார் வெளியே தருகிற சக்தி, உள்ளே இழுப்பது ஆயிரத்துக்கு மேல். அதுவும் கிளம்புகிற நொடியில் நாலைந்து மடங்கு இழுக்கும். இந்த மோட்டாரை ஓட்ட 3 கே.வி.ஏ.க்கு, அதாவது 3000 வி.ஏ.க்கு மேல் இன்வர்ட்டரும் அதற்கேற்ற பேட்டரிகளும் வேண்டுமாம். அந்தக் காசுக்கு இன்னொரு டேங்க் வைத்து மிச்சமும் பிடிக்கலாம் என்றார்.

சரி, ஃபேனாவது ஓடட்டும் என்று விட்டேன். அதுவும் ஒன்றரை மணி நேரத்தில் படுத்தது. 12 வோல்ட், 150 ஏ.எச். என்றால் 1800 வாட் அவர். இரண்டு ஃபேன், மூன்று எல்.இ.டி. சேர்ந்து 180 வாட்ஸ்கூட வராது, நட்டம் போக ஆறு மணி நேரமாவது தாங்கியிருக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் ராத்திரி முழுக்க சார்ஜ் ஏற்றச் சொல்லிவிட்டு, காலையில் மூடிகளைத் திறந்து, ஆசிட்டின் அடர்த்தி பார்க்கிற ஹைட்ரோமீட்டரை விட்டார். ஆறு செல்லில் நாலு 1230-க்கு மேல் காட்டியது, இரண்டு 1150-ஐத் தாண்டவில்லை, அதாவது அந்த இரண்டும் சார்ஜ் ஏறாமல் கிடந்தன. டெர்மினலில் அப்பியிருந்த கிரீஸைத் துணியால் துடைத்தால் உள்ளே பழைய கிளாம்ப் கடித்த தடம். சீரியல் நம்பர் ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெம்பினேன், அடியில் இன்னொரு ஸ்டிக்கர், வேறு நம்பர். அட்டைப்பெட்டியோடு வந்தது என்பதால் புதுசு என்று நம்பியிருக்கிறேன்! கம்பெனி சர்வீஸ் சென்டரில் அடி நம்பரைச் சொன்னபோது, அது எப்போதோ வேறு ஊரில் விற்றுப் பதிவான பேட்டரி என்றார்கள்.

கடைக்கு மூன்று நடை. முதல் நடையில் "நீங்க தண்ணி ஊத்தலை", இரண்டாவதில் "முதலாளி வெளியூர்", மூன்றாவதில் எலக்ட்ரீஷியனையும் ஸ்டிக்கர் போட்டோவையும் கொண்டுபோய், நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்துவிட்டுத்தான் வருகிறேன் என்றதும் "ஸ்டாக் மாறி வந்துருச்சு தம்பி" என்று குழைந்தார். எஸ்டிமேட் சீட்டில் கடை முத்திரைகூட இல்லை, என் கையில் இருந்த ஒரே சாட்சி ஜிபேயில் 24,000 போன கணக்குதான். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அவர் என்னை யாரென்றே கேட்டிருப்பார். பேட்டரியை எடுத்துக்கொண்டு 9,000 தந்தார். இன்வர்ட்டரை வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

வாங்கப் போகிறவர்கள் பில்லில் பேட்டரியின் சீரியல் நம்பரை எழுதி வாங்குங்கள், வாரண்டி கார்டில் கடை சீலும் தேதியும் விழாமல் பணம் கொடுக்காதீர்கள். மோட்டார் ஓடும் என்றால் மெயினை அணைத்துவிட்டு அவர்களையே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், டேங்க் வழிந்தால் வழியட்டும்.

இப்போது மாடியில் 1000 லிட்டர் டேங்க் ஒன்று கூடுதலாக வைத்தாயிற்று. மின்தடை அறிவிப்பு பேப்பரில் வந்தால் அப்பா விடியற்காலையிலேயே இரண்டையும் நிரப்பிவிடுகிறார். அந்த ட்ராலி மேல் அம்மா மண்பானை வைத்திருக்கிறார்.