மில் முதலாளி டைட்டஸ் சால்ட் வம்சாவளிய தேடுன நாலு வருஷ அனுபவம்

இங்கிலாந்து பிராட்ஃபோர்டுல அல்பாகா கம்பளி நெசவுல பெரிய ஆளானவர் டைட்டஸ் சால்ட் (1803–1876), அவரோட குடும்பத்த நாலு வருஷமா தேடிட்டு இருக்கேன். இதே காலத்து ஆளுங்கள தேடுறவங்களுக்கு உதவட்டும்னு எழுதுறேன்.

மொதல்ல காசு கட்டி வம்சாவளி தேடுற ஒரு சைட்டுல சேந்து, அங்க மத்தவங்க போட்டு வச்சிருந்த வம்சாவளிய அப்படியே நம்பி எடுத்துகிட்டேன். அத செஞ்சிருக்கவே கூடாது. அப்பா பேரும் டைட்டஸ், ஒரு மகன் பேரும் டைட்டஸ், மகன் இறந்தது 1887, அங்க ரெண்டு பேரையும் ஒரே ஆளா கலந்து வச்சிருந்தாங்க, பிரிச்சு எடுக்கவே ரெண்டு மாசம் போச்சு.

உண்மையிலேயே கை குடுத்தது ஜிஆர்ஓ, அதாவது இங்கிலாந்து அரசாங்கத்தோட பிறப்பு, இறப்பு பதிவு ஆபீஸோட ஆன்லைன் இண்டெக்ஸ். தேடுறதுக்கு காசு இல்ல. பழைய அச்சு இண்டெக்ஸ்ல அம்மாவோட பிறந்தவீட்டு பேரு 1911-க்கு அப்புறம்தான் வரும், இதுல 1837-லேருந்தே இருக்கு. சால்ட்டோட மனைவி கரோலின் விட்லம், சால்ட்னும் விட்லம்னும் சேத்து போட்டா அவங்க பிள்ளைங்க மட்டும் தனியா வந்து நிக்கிறாங்க, இது எவ்ளோ நிம்மதின்னு தேடுனவங்களுக்குத்தான் தெரியும். சின்ன வயசுல போன குழந்தைங்களுக்கு இறப்பு பக்கமும் பாருங்க, வயசோட இருக்கு.

ஆனா இப்படி அரசாங்கமே பதியற சிவில் பதிவு ஆரம்பிச்சதே 1837 ஜூலைலதான். கல்யாணம் 1830, அதனால மூத்த பிள்ளைங்க இதுல கிடைக்க மாட்டாங்க. இவங்க காங்கிரிகேஷனல் சபைக்காரங்க, அதாவது அரசு சபையான ஆங்கிலிகன் சர்ச்சுல சேராத கிறிஸ்தவங்க, ஞானஸ்நானத்துக்கு அவங்க கோயிலான சேப்பலோட ரிஜிஸ்டர பாக்கணும், அதுல நிறைய இப்போ பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்துல இருக்கு. கல்யாணம் மட்டும் அப்போ சட்டப்படி ஆங்கிலிகன் சர்ச்லதான் நடக்கணும், குவேக்கர்ங்கிற கிறிஸ்தவ சபைக்காரங்க, யூதர் தவிர.

சென்சஸ்ல 1841-ஓடது அவ்ளோ உதவாது, 15 வயசுக்கு மேல உள்ளவங்க வயச கீழ உள்ள அஞ்சோட மடங்குக்கு இறக்கி எழுதியிருப்பாங்க, யாருக்கு யாரு என்ன உறவுன்னும் இருக்காது. 1851-லேருந்துதான் உறவும் பிறந்த ஊரும் வருது. ஊர வச்சு ஃபில்டர் போடும்போது உஷாரா இருங்க, இந்த குடும்பம் 1858-ல லீட்ஸ் பக்கம் மெத்லிக்கு போயிட்டு 1867-லதான் பழைய க்ரோ நெஸ்ட் வீட்டுக்கு திரும்புனாங்க, 1861-க்கு பிராட்ஃபோர்ட மட்டும் பிடிச்சுட்டு உக்காந்தா நேரம்தான் போகும். டைப் பண்ணி போட்ட எழுத்த மட்டும் பாக்காம மூலப் பக்கத்தோட படத்த தொறந்து பாருங்க.

உயில் 1858 ஜனவரிக்கு அப்புறம்னா ஒரே பட்டியல்ல கிடைச்சிடும், அதுக்கு முன்னாடின்னா சர்ச் கோர்ட்டுதான்.

எனக்கு ரொம்ப பிடிச்ச ஆதாரம் ஒரு மேப். 1853-ல மில்ல தொறந்து, தொழிலாளிங்களுக்காக சுத்தி சால்ட் கட்டுன சால்டெர்ங்கிற ஊர்ல நிறைய தெரு பேரு வீட்டு ஆளுங்க பேருதான்: கரோலின், ஜார்ஜ், அமீலியா, ஃபேன்னி, ஹெர்பர்ட், ஹெலன், ஏடா. நடுவுல விட்லம் தெருன்னு ஒண்ணு. அது அம்மா வீட்டு பேருதானேன்னு விட்டுட்டேன், அப்புறம் பாத்தா அந்த பேர ஒரு மகனுக்கே வச்சிருக்காங்க. பதினோரு பிள்ளைங்க லிஸ்ட்ல நான் விட்டுப்போன ஆள் அவன்தான்.