எஃப்ஐஆர் பார்வை, இ-கோர்ட்ஸ் ஆப்: போலீஸ் சொல்வதைச் சரிபார்க்க நினைப்பவருக்கு இவை எவ்வளவு தூரம் உதவும்?

2024 ஜூலை 5-ம் தேதி மாலை பெரம்பூரில் ஆம்ஸ்ட்ராங் வெட்டிக் கொல்லப்பட்டார். பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர், கொலை நடந்த இடம் நடமாட்டமுள்ள தெரு. அன்றிரவே எட்டு பேர் சரணடைந்து சிக்கிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. வேறு மாதிரியான நாட்டில் இதற்குப் போலீசுக்குப் பாராட்டு குவிந்திருக்கும், இங்கே நடந்தது நேர் எதிர். சரணடைந்தவர்கள் உண்மையான குற்றவாளிகள் இல்லை என்று திருமாவளவன் சொன்னார். சென்னை வந்த மாயாவதியும் அதையே சொல்லி சிபிஐ விசாரணை கேட்டார். மூன்றாம் நாள் சென்னை கமிஷனர் மாற்றப்பட்டார். ஜூலை 14 விடியற்காலை, கைதானவர்களில் போலீஸ் காவலில் இருந்த ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆயுதம் ஒளித்து வைத்த இடத்தைக் காட்ட அழைத்துப் போனபோது அவரே முதலில் சுட்டார் என்பது போலீஸ் தரப்பு. சரணடைந்து வந்தவர் ஏன் தப்பிக்கப் பார்க்க வேண்டும் என்று டீக்கடை முதல் சட்டசபைக் கட்சிகள் வரை எல்லாரும் கேட்டார்கள்.

இந்த மாதிரி நேரத்தில் நம்மில் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான்: டிவி விவாதம் பார்ப்பது, வாட்ஸ்அப்பில் வந்ததை அடுத்தவருக்கு அனுப்புவது. நம்பவில்லை என்று சொல்வதற்கு எல்லா உரிமையும் இருக்கிறது. ஆனால் எதை நம்பவில்லை, எந்த தேதியில், எந்தத் தாளில் எழுதியதை நம்பவில்லை என்று சொல்ல முடிந்தால்தான் அந்த அவநம்பிக்கைக்குப் பல் முளைக்கும். அதற்கு அரசே இலவசமாகக் கொடுத்திருக்கும் இரண்டு சேவைகளைப் பற்றித்தான் இந்த விமர்சனம். ஒன்று, மாநிலக் காவல்துறையின் இணைய சேவையில் எஃப்ஐஆர், அதாவது முதல் தகவல் அறிக்கை, பார்க்கும் வசதி. இன்னொன்று, நீதிமன்றங்களைக் கணினிமயமாக்கும் உச்ச நீதிமன்றத்தின் இ-கமிட்டிக்காக, மத்திய அரசின் தேசிய தகவல் மையமான என்ஐசி செய்து கொடுத்த, வழக்கு நிலவரம் பார்க்கும் இ-கோர்ட்ஸ் ஆப்.

முதலில் எஃப்ஐஆர். இது போலீஸ் மனமுவந்து கொடுத்த சலுகை இல்லை. 2016 செப்டம்பரில் யூத் பார் அசோசியேஷன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதால் வந்தது. பதிவான 24 மணி நேரத்துக்குள் எஃப்ஐஆரை இணையத்தில் ஏற்ற வேண்டும், நெட் வசதி சரியில்லாத இடங்களுக்கு அதிகபட்சம் 72 மணி நேரம். பாலியல் குற்றம், போக்சோ (சிறார் மீதான பாலியல் குற்றச் சட்டம்), தீவிரவாதம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு, அந்த முடிவை டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் எடுக்க வேண்டும். கொலை வழக்கு என்பதால் மட்டும் மறைக்க முடியாது. மாவட்டம், காவல் நிலையம், ஆண்டு, எஃப்ஐஆர் எண் கொடுத்துத் தேட வேண்டும். எண் தெரியாவிட்டால் சிரமம், அதனால் பேப்பரில் செய்தி படிக்கும்போது ‘குற்ற எண்’ (எஃப்ஐஆர் எண்தான் அது) என்று எங்காவது போட்டிருந்தால் உடனே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆம்ஸ்ட்ராங் வழக்கு செம்பியம் காவல் நிலையத்தில் பதிவானது என்பது போல, சம்பவம் நடந்த ஊரும் வழக்கு பதிவான நிலையமும் வேறு வேறு பெயரில் இருக்கலாம், அதையும் கவனிக்க வேண்டும்.

எஃப்ஐஆர் கையில் கிடைத்தால் எல்லாரும் கதைப் பகுதிக்குத்தான் தாவுகிறார்கள். கதையைப் பிறகு படிக்கலாம். முதலில் கட்டங்களைப் பாருங்கள். மூன்றாவது கட்டத்தில் சம்பவம் நடந்த நேரம், நிலையத்துக்குத் தகவல் வந்த நேரம், நிலையத்தின் அன்றாடப் பதிவேடான பொது நாட்குறிப்பில் பதிந்த எண் இருக்கும். ஏழாவது கட்டத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் விவரம். அங்கே ‘அடையாளம் தெரியாத நபர்கள்’ என்று இருந்து, அதே இரவில் பெயர், அப்பா பெயர், முன்விரோதம் என முழுக்கதையோடு ஆட்கள் பிடிபட்டிருந்தால், இடைப்பட்ட சில மணி நேரத்தில் அந்தப் பெயர்கள் எப்படிக் கிடைத்தன என்பது நியாயமான கேள்வி. பதில் இருக்கலாம், சிசிடிவி, செல்போன் டவர், தெரிந்தவர் கொடுத்த துப்பு என்று. ஆனால் கேள்வி கேட்கப்பட வேண்டும். எட்டாவது கட்டம் புகார் கொடுக்கத் தாமதம் ஏன் என்பதற்கு. கடைசிக் கட்டம் பதினைந்து, எஃப்ஐஆர் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்ட தேதியும் நேரமும். என்னைப் பொறுத்தவரை முழுத் தாளிலும் மதிப்பு மிக்க வரி இதுதான். எஃப்ஐஆர் தாமதமின்றி மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும் என்பது பழைய குற்ற நடைமுறைச் சட்டத்திலும் இருந்தது, 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய சட்டத்திலும் இருக்கிறது. ஏன் என்றால், ஆட்களைப் பிடித்த பிறகு, அந்த ஆட்களுக்குப் பொருந்துகிற மாதிரி எஃப்ஐஆரை உட்கார்ந்து எழுதும் வாய்ப்பைத் தடுக்கத்தான். அந்தத் தாமதத்துக்குக் காரணம் சொல்ல முடியாமல் அரசுத் தரப்பு கோர்ட்டில் திணறுவது நம் ஊர் கொலை வழக்குகளில் புதிதல்ல.

ஒரு எச்சரிக்கை. எஃப்ஐஆர் என்பது போலீஸ் எழுதும் தாள், அது வேத வாக்கு இல்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் இறந்தபோது, அவர்கள் மீது போடப்பட்ட எஃப்ஐஆரில் இருவரும் தரையில் உருண்டு புரண்டதால் காயம் என்று எழுதியிருந்தது. பக்கத்துக் கடை சிசிடிவி காட்சியில் அப்படி எதுவும் இல்லை. அதுவும் ஒருவகையில் எஃப்ஐஆரின் பயன்தான். பொய்யாக இருந்தாலும் அது தேதி போட்டுக் கையெழுத்திட்ட பொய், பிறகு மாற்றிப் பேச முடியாது. பிரஸ் மீட்டில் சொன்னதை நாளைக்கு ‘அப்படிச் சொல்லவில்லை’ என்று சொல்லிவிடலாம்.

அப்புறம் இ-கோர்ட்ஸ். ஒவ்வொரு வழக்குக்கும் சிஎன்ஆர் எண் என்று எழுத்தும் எண்ணும் கலந்து பதினாறு இடத்தில் ஒரு அடையாள எண் இருக்கும், அது தெரிந்தால் நேராக வழக்கு திறக்கும். தெரியாவிட்டால் எஃப்ஐஆர் எண், வழக்குத் தரப்பினர் பெயர், வக்கீல் பெயர் என்று பல வழிகளில் தேடலாம். எஃப்ஐஆர் எண் வழிதான் நம்பகமானது, பெயர் வழியில் ஒரு எழுத்து மாறினாலும் வழக்கு சிக்காது. கிடைத்ததை ‘என் வழக்குகள்’ பகுதியில் சேமித்தால் அடுத்த வாய்தா தேதியைத் தொடர்ந்து பார்க்கலாம். ஒவ்வொரு தேதியிலும் என்ன நடந்தது என்று ஒரு வரி, அடுத்த தேதி எதற்காக என்று ஒரு வரி. விவரங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். ஒரு கொலை வழக்கு வருஷக்கணக்கில் எங்கே தேங்கி நிற்கிறது என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் சேவை முன்பு இருந்ததே இல்லை, கோர்ட் வராந்தாவில் குமாஸ்தாவைக் கெஞ்சித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இதற்காக மட்டுமே இந்த ஆப்பை நான் தாராளமாகப் பரிந்துரைப்பேன்.

ஆனால் புதிதாக வருபவரை ஒரு இடம் நிச்சயம் குழப்பும். கொலை வழக்கை மாஜிஸ்திரேட் விசாரிக்க முடியாது. குற்றப்பத்திரிகை வந்ததும் அங்கே பி.ஆர்.சி. (செஷன்ஸுக்கு அனுப்பும் முன் பதியும் எண்) என்று ஒரு எண் கொடுத்து, நகல் கொடுத்து, செஷன்ஸ் கோர்ட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே எஸ்.சி. (செஷன்ஸ் கேஸ்) என்று புது எண், புது சிஎன்ஆர். நீங்கள் சேமித்து வைத்த பழைய எண்ணில் பார்த்தால் வழக்கு ‘முடிந்தது’ என்று காட்டும். இதைப் பார்த்துவிட்டு “கேஸை மூடிட்டாங்க, பார்த்தீங்களா” என்று பதறிப் பகிர்பவர்கள் இருக்கிறார்கள். மூடவில்லை, மேல் கோர்ட்டுக்குப் போயிருக்கிறது. முடிந்த விதம் என்ன என்று கீழே போட்டிருப்பதைப் படித்துவிட்டு, செஷன்ஸ் கோர்ட் பக்கம் போய் மறுபடி எஃப்ஐஆர் எண்ணைக் கொடுத்துத் தேடினால் கிடைக்கும். பழைய எண்ணிலிருந்து புது எண்ணுக்கு ஒரு இணைப்பு கொடுத்தால் சாமானியருக்குப் பெரிய உதவி.

இனி என் மனக்குறை. இவ்வளவு தேதியும் கிடைக்கிறது, ஆனால் சந்தேகம் எங்கே உட்கார்ந்திருக்கிறதோ அந்தத் தாள் மட்டும் கிடைக்காது. கைதானவர் ‘குற்றத்தை ஒப்புக்கொண்டார்’ என்று எல்லாச் செய்தியிலும் வரும். போலீசிடம் கொடுத்த வாக்குமூலத்தைக் குற்றத்துக்குச் சாட்சியமாக வைக்க முடியாது, பழைய சாட்சியச் சட்டம் 25-வது பிரிவு சொன்னதும் இப்போதைய சட்டத்தின் 23-வது பிரிவு சொல்வதும் அதுதான். அந்த வாக்குமூலத்தை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதைப் பற்றிய பகுதி மட்டும் செல்லும். அதனால் மொத்த வழக்கும் ஒரு பறிமுதல் மகஜரில், அதாவது பொருளை எடுத்ததைச் சாட்சிகள் முன்னிலையில் எழுதும் தாளில், வந்து நிற்கும்: அரிவாள் எந்தப் புதரில், எத்தனை மணிக்கு, எந்த விஏஓ முன்னிலையில் எடுக்கப்பட்டது. புதிய நடைமுறைச் சட்டப்படி தேடுதலையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டும். நல்ல மாற்றம். ஆனால் மகஜர், வீடியோ, சாட்சி வாக்குமூலம் எல்லாமே குற்றப்பத்திரிகையோடு சேர்ந்தவை, குற்றப்பத்திரிகை பொது ஆவணம் இல்லை, இணையத்தில் ஏற்றத் தேவையில்லை என்று 2023 ஜனவரியில் சௌரவ் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர், பாதிக்கப்பட்டவர் இருவரின் உரிமையும் கெடும் என்பது அதில் சொன்ன காரணம். சாட்சிகளின் முகவரி தெருவுக்கு வந்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததல்ல, அந்தக் கவலை உண்மையானது. பெயர்களை மறைத்துவிட்டு மகஜரின் நேரமும் இடமும் மட்டுமாவது வெளியிடலாமே. மூன்றாம் நபர் நகல் வேண்டுமென்றால் கோர்ட்டில் தனியாக மனு போட்டுக் காரணம் சொல்லி அனுமதி வாங்க வேண்டும், வேலை வெட்டியை விட்டுவிட்டு எத்தனை பேர் அதைச் செய்வார்கள்?

ஆம்ஸ்ட்ராங் வழக்கில் குற்றப்பத்திரிகைக்கான தொண்ணூறு நாள் கெடு நெருங்கும் நேரத்தில், 2024 அக்டோபர் தொடக்கத்தில், கிட்டத்தட்ட 5000 பக்கக் குற்றப்பத்திரிகை தாக்கலானது, முப்பது பேர் மீது. 5000 பக்கம் என்ற எண்ணிக்கை மட்டும்தான் மக்களுக்குக் கிடைத்தது. முதல் நாள் எட்டு பேர் என்று சொன்னது எப்படி முப்பது ஆனது என்று படித்துப் பார்க்க யாருக்கும் வழியில்லை. குடும்பம் கடைசிவரை சமாதானமாகவில்லை. 2025 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் விசாரணையை சிபிஐக்கு மாற்றியது, மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. முதல் வாரத்தில் தெருவில் கேட்ட கோரிக்கைக்கு ஒரு உத்தரவு கிடைக்கவே ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

தெருவில் எழும் சந்தேகம் எல்லாம் வதந்தி என்று சொல்பவர்களுக்கு 2017 குருகிராம் வழக்கை ஞாபகப்படுத்த விரும்புகிறேன். பள்ளியில் ஏழு வயதுப் பையன் கொல்லப்பட்டான். அன்றைக்கே பஸ் கண்டக்டரைப் பிடித்து, ஒப்புக்கொண்டுவிட்டார் என்று ஹரியானா போலீஸ் அறிவித்தது. பையனின் பெற்றோரே நம்பவில்லை, விடாமல் சிபிஐ கேட்டார்கள். நவம்பரில் சிபிஐ அதே பள்ளியின் பதினோராம் வகுப்பு மாணவனைப் பிடித்தது. கண்டக்டரை 2018 பிப்ரவரியில் நீதிமன்றம் விடுவித்தது. அவரைச் சிக்கவைக்க ஆதாரத்தைப் புனைந்ததாக 2021-ல் நான்கு போலீஸ்காரர்கள் மீதே சிபிஐ குற்றப்பத்திரிகை போட்டது. பெற்றோர் அன்றைக்கே நம்பியிருந்தால் ஒரு ஏழைத் தொழிலாளி இன்றும் உள்ளே இருந்திருப்பார்.

அதே நேரம், சந்தேகம் எங்கே கெட்டுப்போகும் என்பதற்கு 2016 நுங்கம்பாக்கம் ரயில் நிலையக் கொலையே போதும். இளம்பெண் ஒருவரைக் கொன்றதாகப் பிடிபட்ட இளைஞர், கைதின்போது தானே கழுத்தை அறுத்துக்கொண்டார் என்றது போலீஸ். செப்டம்பரில் புழல் சிறையில் மின்சாரம் தாக்கி இறந்தார் என்றது சிறைத் தரப்பு. இரண்டையும் மக்கள் நம்பவில்லை, நம்பாததற்குக் காரணமும் இருந்தது. அவருடைய அப்பாவுக்கு இழப்பீடு கொடுக்கச் சொல்லி மாநில மனித உரிமை ஆணையம் 2022-ல் உத்தரவிட்டது. ஆனால் அந்தச் சந்தேகத்தின் பெயரில் கொலையான பெண்ணைப் பற்றி என்னென்ன எழுதினார்கள்! ஒரு தாளும் பார்க்காமல், ஒரு தேதியும் தெரியாமல், இறந்துபோன பெண்ணின் வாழ்க்கையைக் கிளறினார்கள். அதை இன்று நினைத்தாலும் கோபம் வருகிறது. விசாரணை நடக்காமலே அந்த வழக்கு முடிந்துபோனது, இந்த ஆப்பில் தேடினாலும் சாட்சி விசாரணை என்று ஒரு வரிகூடக் கிடைக்கப் போவதில்லை.

மதிப்பெண் கேட்டால், எஃப்ஐஆர் வசதிக்கு ஐந்துக்கு மூன்று, எண் தெரிந்தவருக்கு மட்டுமே கதவு திறப்பதால். இ-கோர்ட்ஸுக்கு மூன்றரை. இப்போது ஏதாவது ஒரு கைதை நம்ப முடியாமல் கவனித்துக்கொண்டிருப்பவர்கள் காவல் நிலையம், எஃப்ஐஆர் எண், கைதான தேதி மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கொலை வழக்கில், கைதானவரை முதன்முதலில் ரிமாண்ட் செய்த நாளிலிருந்து தொண்ணூறு நாளைக் காலண்டரில் குறித்துக்கொண்டு, அதற்கு முந்தைய வாரத்திலிருந்தே இ-கோர்ட்ஸில் எஃப்ஐஆர் எண் வழியாகத் தேடத் தொடங்குங்கள். பி.ஆர்.சி. எண் பெரும்பாலும் குற்றப்பத்திரிகைக்குப் பிறகுதான் வரும். அதற்கு முன்னால் ஒன்றும் காட்டவில்லை என்றால் வழக்கே இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.