தோப்பு வீடுகளுக்கு "ஒயர் இல்லாத நெட்" விற்க வருகிறார்கள், கவனம்

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் எங்கள் வீடு. ஊருக்குள் ஃபைபர் வந்துவிட்டது, தோப்பு வரை இழுக்கத்தான் ஆளில்லை. சித்திரையில் ஒரு கம்பெனி ஆள் வந்தார். "ஒயரே வேண்டாங்கண்ணா. மாடியில சின்ன டிஷ் வெச்சா நெட்டும் டிவியும் அதுலயே வந்துரும். 30 எம்பிபிஎஸ்" என்றார். மகள் பிளஸ் டூ. சரி என்று ஒரு வருடச் சந்தாவும் பொருத்துக்கூலியுமாக 14,000 ரூபாயை அவர் சொன்ன நம்பருக்கே ஜிபேயில் அனுப்பினேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு. பில் இல்லை, கம்பெனி பெயரில் ரசீதும் இல்லை.

முதல் மாதம் நன்றாகவே ஓடியது. ஆனியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் சாரலும் தொடங்கியதும் போச்சு. ராத்திரி எட்டு மணிக்கு வேகம் 0.8 எம்பிபிஎஸ். 2023 ஜனவரியில் அரசு மாற்றிய வரையறைப்படி குறைந்தது 2 எம்பிபிஎஸ் இருந்தால்தான் அதற்குப் பிராட்பேண்ட் என்றே பெயர். டிவி என்று கொடுத்த பெட்டியும் இதே நெட்டில் ஓடும் ஆப்தான். நெட் நின்றால் டிவியும் நிற்கும். இதை விற்கும்போது சொல்லவில்லை.

கேட்டால் "மழைண்ணா" என்றார்கள். இந்த மாதிரி டிஷ், கம்பெனி டவரிலிருந்து ரேடியோ அலையில் நெட்டை வாங்குவது. பெரும்பாலும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடும். நாலைந்து கிலோமீட்டருக்கு மழை அதைப் பெரிதாகத் தடுக்காது. தடுப்பது நடுவில் நிற்கும் மரம், அதுவும் நனைந்து ஆடும் ஓலை. டவர் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. 4 கிலோமீட்டர் தூரமென்றால் டவருக்கும் டிஷ்ஷுக்கும் இடையிலான நேர்கோட்டின் நடுப்பகுதியில் சுற்றிலும் நாலைந்து மீட்டராவது காலியாக இருக்கவேண்டும். எங்கள் வீட்டில் இரண்டு தென்னைகளுக்கு இடையே தெரிந்த சின்ன இடைவெளியைப் பார்த்து டிஷ்ஷைத் திருப்பி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "உங்க தோப்பு மரந்தானுங்களே, வெட்டிக்கோங்க" என்றார்கள். காய்க்கிற மரத்தை வெட்டச் சொல்கிறவரிடம் என்ன பேசுவது? மரங்கள் அன்றைக்கும் அங்கேதானே நின்றன!

யாராவது வந்தால் அவரோடு நீங்களும் மாடியேறி டவர் எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள், அதிலும் சாயங்காலத்துக்கு மேல். வருடப் பணம் மொத்தமாகக் கட்டவே வேண்டாம். ஜிஎஸ்டி பில் கேளுங்கள். புகார் சொன்னால் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். என்னிடம் அது இல்லாமல்தான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் திணறினேன்.

டிவிக்கு இப்போது டிடி ஃப்ரீ டிஷ் வைத்துவிட்டோம், மாதச் சந்தா கிடையாது. மகள் படிக்க மட்டும் தினமும் ஊருக்குள் சித்தி வீட்டுக்குப் போய் வருகிறாள்.