செவலையும் ஒன்பது வருடப் பாதுகாப்பு ஏற்பாடுகளும்

எங்கள் பூனை செவலை வீட்டுக்கு வந்தபோது அதற்கு மூன்று வயது இருக்கும். இப்போது பன்னிரண்டு. இந்த ஒன்பது வருடத்தில் அது விழாமல் இருக்க நான் என்னென்ன மாட்டினேன், எது நின்றது, எது ஏமாற்றியது என்பதைப் பூனை வளர்ப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் நம்பியது ஜன்னல் கொசுவலையை. வெளியே ஒரு புறா வந்து உட்கார்ந்தது. செவலை பாய்ந்த வேகத்தில் வலை சட்டத்தோடு பெயர்ந்தது, செவலையும் இரண்டாவது மாடியிலிருந்து கீழே போனது. நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது அது எழுந்து நடந்துகொண்டிருந்தது. மோவாயில் மட்டும் கொஞ்சம் ரத்தம். நாலு காலில்தான் விழுந்திருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை என்று தூக்கி வந்துவிட்டேன். அரை மணி நேரத்தில் வாயைத் திறந்து மூச்சு வாங்க ஆரம்பித்தது. விலாப்பக்கம் வேகவேகமாக ஏறி இறங்கியது. எக்ஸ்ரேயில், நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து நின்றது தெரிந்தது. இரண்டு நாள் ஆக்சிஜன் வைத்துக் காப்பாற்றினார்கள். "நடக்குதேன்னு விட்டுடாதீங்க" என்று மருத்துவர் சொன்னதை இன்னும் மறக்கவில்லை. உயரத்திலிருந்து விழுந்த பூனையைத் தட்டையான பெட்டியில் படுக்க வைத்து உடனே கொண்டு போய்விடுங்கள்.

பூனைக்கு ஒன்பது உயிர் என்று சொல்பவர்கள் 1987-இல் வெளியான நியூயார்க் ஆய்வு ஒன்றைக் காட்டுவார்கள். மாடியிலிருந்து விழுந்து மருத்துவமனைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றியது அது. சிகிச்சை பெற்றவற்றில் 90 சதவீதம் பிழைத்தன. ஆனால் விழுந்த இடத்திலேயே செத்துப்போன பூனையை யார் மருத்துவமனைக்குத் தூக்கி வரப்போகிறார்கள்? பிழைத்தவற்றிலும் பெரும்பாலானவற்றுக்கு நெஞ்சில் அடி. செவலைக்கு வந்ததும் அதுதான்.

அப்புறம் பால்கனிக்கும் ஜன்னல்களுக்கும் நைலான் வலை போட்டோம். முதல் இரண்டு வருடம் எந்தக் குறையும் இல்லை. மூன்றாவது வருடம் துடைக்கும்போது ஒரு இழையை விரலால் இழுத்தேன், வெயிலில் காய்ந்த வைக்கோல் மாதிரி முறிந்தது. கண்ணுக்குப் புதிதாகவே தெரிந்த வலை அது! உடனே கழற்றிவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி வலை மாட்டினேன். வலை ஓட்டையின் அகலம் இரண்டரை சென்டிமீட்டர். தலை நுழையாத அளவு என்பதுதான் கணக்கு, குட்டி இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஆறு வருடமாக அதே வலை. மாதம் ஒருமுறை கொக்கிகளை ஆட்டிப் பார்க்கிறேன், அதிலும் தரையை ஒட்டிய கீழ் ஓரத்தை. பூனை முதலில் தலையை விட்டுப் பார்ப்பது அங்கேதான்.

பால்கனியை அடைத்ததும் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். வீட்டுக்குள்ளேயும் விழும் என்பது தாமதமாகத்தான் உறைத்தது. பூனை அந்தரத்தில் திரும்பிக் கால் ஊன்றுவதற்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். தாழ்வான இடத்திலிருந்து எதிர்பாராமல் சரிந்தால் அந்த நேரம் கிடைக்காது, முதுகோ இடுப்போ தரையில் மோதும். வீட்டில் நான் பார்த்த விழுதல்களில் பாதிக்கு மேல், காலடியில் இருந்த பொருள் நகர்ந்ததால் வந்தவை. அலமாரி மேல் அழகுக்கு ஒரு துணி விரித்திருந்தேன். செவலை தாவி ஏறியதும் துணியும் அதுவும் சேர்ந்தே வழுக்கி வந்தன. துணியை எடுத்துவிட்டு ரப்பர் மேட்டை ஒட்டினேன், அதோடு சரி.

ஏறி விளையாட வாங்கிய கயிறு சுற்றிய பூனை மரத்தையும் நன்றாகவே சொல்ல வேண்டும், செவலைக்கு அது உயிர். ஆனால் அடிப்பலகை சிறியது. சோபாவிலிருந்து மேல் தட்டுக்குத் தாவினால் மரமே ஆடும். எல் வடிவ இரும்புத் துண்டு வைத்துச் சுவரோடு திருகிய பிறகுதான் எனக்கு நிம்மதி. தூண்களின் திருகு சில மாதங்களில் தானாகத் தளர்ந்துவிடும், முடுக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

போன வருடம் ஒரு மாற்றம் கண்டேன். ஃபிரிட்ஜ் மேல் ஏறுமுன் செவலை கீழே உட்கார்ந்து மேலே பார்க்கும், பின்னங்காலை மாற்றி மாற்றி வைக்கும், பிறகு போய்விடும். ஒருநாள் தாவியது. முன்னங்கால்கள் விளிம்பைப் பற்றின, பின்பாகம் ஏறவில்லை, நகம் உரசும் சத்தத்தோடு சரிந்தது. மூட்டுத் தேய்மானம். 2002-இல் வந்த ஓர் ஆய்வில், 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது 90 பூனைகளுக்கு மூட்டிலோ முதுகெலும்பிலோ தேய்மானம் இருந்தது. பூனை பெரும்பாலும் நொண்டாது, அழாது, தாவுவதைக் குறைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். சோம்பல் என்று நாமும் விட்டுவிடுகிறோம்.

இப்போது ஃபிரிட்ஜ் பக்கம் ஏற வழியே வைக்கவில்லை. ஜன்னலுக்குக் கீழே உயரம் கூடிக்கூடிப் போகும் மூன்று பலகைகள், ஒவ்வொன்றிலும் ரப்பர் மேட், அசையாதபடி சுவரோடு திருகியவை. முதல் வாரம் செவலை முகர்ந்து பார்த்ததோடு சரி. இரண்டாவது வாரம் ஒரு காலையில் ஒவ்வொன்றாக ஏறி, கம்பி வலையில் தாடையைச் சாய்த்துப் புறாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வலையை நான் முந்தின நாள்தான் ஆட்டிப் பார்த்திருந்தேன்.