லாங்போ: புதிதா, கைமாறியதா? நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் நிலைப்பது எது

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ லாங்போ எனப்படும் நீள வில் வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது மரத்தின் பெயரை. யூவா, ஓசேஜா, மூங்கிலா? இங்கே பல வருடம் உழைத்த வில்லையும் ஒரே வருடத்தில் சோர்ந்த வில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கேள்வி மாறிவிடும். வில்லுக்கு மேல்பூச்சாக என்ன இருக்கிறது, எந்த அறையில் கிடந்தது, எந்த நாண் போட்டிருந்தார்கள் என்பதுதான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

ஒரே மரத்தில் செதுக்கிய வில்லின் அழகுக்கு ஈடு கிடையாது. ஆனால் நம் காற்று அதற்கு எதிரி. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வில் செய்பவர்கள் மரத்தின் ஈரம் 8 முதல் 10 விழுக்காடு இருக்கும்போது அதைச் செதுக்கி முடிக்கிறார்கள். இங்கே காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. அந்தக் காற்றில் திறந்து கிடக்கும் மரம் மெல்ல மெல்ல 15, 16 விழுக்காடு வரை ஈரத்தை இழுத்துக்கொள்ளும். 550 கிராம் இருந்த வில் 580 கிராமைத் தொடும். மரம் இளகும், இழுவை குறையும், நாணைக் கழற்றிய பிறகும் வளைவு அப்படியே தங்கிவிடும். வார்னிஷ் இதைத் தாமதப்படுத்தும், தடுக்காது. அப்படியும் மரவில்தான் வேண்டும் என்றால் ஏர்கோன் ஓடும் அறையில் வையுங்கள். மாதம் ஒரு முறை சமையலறைத் தராசில் நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். எடை ஏறிக்கொண்டே போனால், அது இறங்கும்வரை முழு இழுவைக்குப் போகக் கூடாது.

முதல் வில்லாக வாங்குகிறவருக்கு நாம் சொல்வது ஒன்றுதான். முதுகிலும் வயிற்றிலும், அதாவது எதிரே பார்க்கும் பக்கத்திலும் உங்களைப் பார்க்கும் பக்கத்திலும், ஃபைபர்கிளாஸ் ஒட்டிய வில்லை எடுங்கள். உள்ளே மேப்பிளோ மூங்கிலோ எதுவாக இருந்தாலும் சரி. அந்தக் கண்ணாடி அடுக்கு ஈரத்தை நன்றாகவே தடுத்துவிடும். அதன் பலவீனம் சூடு. அடுக்குகளைப் பிடித்திருப்பது எபோக்சி பசை. மதிய வெயிலில் மூடி நிறுத்திய கார் 60 பாகையைத் தொடக்கூடியது, அந்தச் சூட்டில் பசை இளகத் தொடங்கும். நாண் ஏற்றியபடியே வில் பின்சீட்டில் கிடந்தால் லிம்ப் (கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதி) முறுக்கிக்கொள்ளும், அல்லது அடுக்கு பிரியும். வில் மைதானத்தில் உடைவதைவிட கார் நிறுத்துமிடத்தில் கெடுவதே அதிகம்.

நீளம் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். 26, 27 அங்குலம் இழுப்பவருக்கு 64 அல்லது 66 அங்குல வில், 28க்கு மேல் இழுப்பவருக்கு 68. இழுவை நீளம், அதாவது நாணை எவ்வளவு தூரம் இழுக்கிறீர்கள் என்பது, தெரியாவிட்டால் இரு கைகளையும் விரித்து, நடுவிரல் நுனியிலிருந்து நுனிவரை அளந்து 2.5 ஆல் வகுங்கள். 66 அங்குலம் விரிந்தால் ஏறக்குறைய 26.4 வரும். இதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்குவதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். வில்லில் எழுதியிருக்கும் பவுண்டு, அதாவது அதை இழுக்கத் தேவையான பலம், 28 அங்குலத்துக்கு உரியது. ஓர் அங்குலம் குறைய இரண்டு முதல் மூன்று பவுண்டு குறையும். '45' என்று எழுதிய வில் 26 அங்குலம் இழுப்பவர் கையில் 40தான். தொடங்குகிறவருக்கு விரலில் 30 முதல் 35 பவுண்டு போதும். முழுதாக இழுத்துப் பத்து எண்ணும்வரை தோள் நடுங்காமல் நிற்க முடியாத வில்லை வாங்காதீர்கள். கைமாற்றாக வரும் 50 பவுண்டு வில்களில் பல அப்படி வாங்கி விற்கப்படுபவைதான். உரிமையாளருக்கு அவை பாரமாக இருந்திருக்குமே தவிர, பெரும்பாலும் வில்லில் குறை இருக்காது. இழுக்கத் திராணி உள்ளவருக்கு அதுவே நல்ல வாய்ப்பு.

கைமாறிய வில்லைப் பார்க்கச் செந்தூலுக்கோ புக்கிட் மெர்தாஜாமுக்கோ போகும்போது கையில் இருக்க வேண்டியவை: நாண் ஏற்றும் கயிறு, டாக்ரான் (சற்றே நீளும் பாலியெஸ்டர்) நாண் ஒன்று, டார்ச், கொஞ்சம் பஞ்சு, அளவு நாடா, பெட்டி நிறுக்கும் கைத்தராசு. 66 அங்குல வில்லுக்கு நாண் 63 அங்குலம். விற்பவர் காலுக்கு நடுவே வில்லை விட்டு நாண் ஏற்ற முயன்றால் பணிவோடு தடுத்து உங்கள் கயிற்றைக் கொடுங்கள். அந்தப் பழக்கத்தாலும் லிம்ப் முறுக்கிக்கொள்ளும்.

நாண் ஏற்றும் முன்பே பஞ்சை லிம்ப் முழுவதும் இழுத்துப் பாருங்கள். எங்காவது நார் பஞ்சைப் பிடித்தால் அந்த இடத்தில் டார்ச் அடித்து நகத்தால் தடவுங்கள். நீளவாக்கில் ஓடும் மெல்லிய கோடுகள் பழைய ஃபைபர்கிளாஸில் சாதாரணம், பெரும்பாலும் மேல்பூச்சுதான் வெடித்திருக்கும். குறுக்கேயோ சாய்வாகவோ ஓடும் கோட்டில் நகம் சிக்கினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். கைப்பிடிக்கட்டை மெலிந்து லிம்பில் கரையும் இடம், நாண் மாட்டும் குதை, இரண்டும்தான் அடுக்கு பிரியும் இடங்கள். வெள்ளையாக மங்கிய திட்டு தெரிந்தால் மெல்லிய தாளை விளிம்பில் நுழைத்துப் பாருங்கள். தாள் உள்ளே போனால் பசை விட்டுவிட்டது. மரவில் என்றால் வயிற்றுப் பக்கம் தலைமுடி அளவுக் குறுக்குக் கோடுகளைத் தேடுங்கள். அவை மரம் நசுங்கிய தடயம், ஆற்ற முடியாது. தோல் சுற்றிய கைப்பிடி புதிதாக இருந்தால் உள்ளே என்ன மறைந்திருக்கிறது என்று கேளுங்கள்.

நாண் ஏற்றிய பின், குதையில் கண்ணை வைத்து நாணோடு பாருங்கள். நாண் இரண்டு லிம்பையும் நடுவில் பிளந்து ஓட வேண்டும். நுனியில் நடு மூன்றில் ஒரு பங்குக்கு வெளியே போனால் வேண்டாம். அடுத்து, கைப்பிடி முடியும் இடத்திலிருந்து நாணுக்குள்ள தூரத்தை மேலும் கீழும் அளந்து பாருங்கள். மேலே எட்டில் ஒரு பங்கு முதல் கால் அங்குலம் வரை கூடுதலாக இருப்பது முறை. கீழே கூடுதலாக இருந்தால் வில்லை உடனே குறை சொல்லாதீர்கள். முதலில் தலைகீழாக நாண் ஏற்றியிருக்கிறார்களா என்று அம்பு வைக்கும் திட்டைப் பாருங்கள். இது அடிக்கடி நடக்கிறது.

பிறகு தராசு. கைப்பிடியின் மிக ஆழமான இடத்திலிருந்து நாண்வரை 26¼ அங்குலம் வரும்போது அதுதான் 28 அங்குல இழுவை. ஒரு குச்சியில் அந்த அளவைக் குறித்து நாணோடு வைத்துக்கொண்டு தராசால் இழுங்கள். 40 பவுண்டு என்பது 18 கிலோ. எழுதியதைவிட இரண்டு, மூன்று பவுண்டு குறைவது சகஜம். ஃபைபர்கிளாஸ் வில்லில் ஆறு, ஏழு குறைந்தால் காரணம் தெரியாமல் வாங்காதீர்கள். இழுக்கும்போது ஒரே தாவலாகப் போகாமல் 15, 20, 24 அங்குலம் என்று நிறுத்தி நிறுத்தி இழுத்துக் காதைத் தீட்டிக் கேளுங்கள். 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தாலும் இறக்கிவிடுங்கள். அம்பு இல்லாமல் நாணை விடவே கூடாது, விற்பவரையும் விட அனுமதிக்கக் கூடாது.

நாண் விஷயத்தில் சிக்கனம் பிடிக்காதீர்கள், ஆனால் வேகத்துக்கும் ஆசைப்படாதீர்கள். டைனீமா வகை நாண் நீளாது, ஆகவே அதிர்ச்சி முழுவதும் குதையில் விழும். குதை அதற்கென வலுவாக்கப்படாத பழைய வில்லில் அது மரத்தை அறுத்துக்கொண்டு இறங்கும். வில்லின் வயது தெரியாவிட்டால் டாக்ரான்தான், 35 முதல் 45 பவுண்டுக்கு 12 இழை. புது டாக்ரான் முதல் நூறு அம்புக்கு நீளும். நாணுக்கும் கைப்பிடிக்கும் உள்ள இடைவெளி குறையும், முன்கையில் நாண் அறையும். நாணைக் கழற்றி நான்கைந்து முறுக்கு கூட்டினால் சரியாகும். பெரும்பாலான அமெரிக்க வகை லாங்போவுக்கு இந்த இடைவெளி 6½ முதல் 7½ அங்குலத்துக்குள் வரும். அம்பின் எடை, பவுண்டுக்கு 10 கிரெயின். 40 பவுண்டு வில்லுக்கு 400 கிரெயின், ஏறக்குறைய 26 கிராம். அதைவிட மிக இலேசான அம்பு கையை உதறவைக்கும், வில்லையும் தின்னும்.

புதிது வாங்குவது எப்போது சரி? இடது கையால் இழுப்பவர்களுக்கு, 29 அங்குலத்துக்கு மேல் இழுப்பவர்களுக்கு, போட்டிக்குப் போகிறவர்களுக்கு. உலக வில்வித்தைச் சங்கத்தின் 3டி போட்டிகளில் (விலங்கு பொம்மைகளைக் குறிபார்ப்பவை) லாங்போ பிரிவு உண்டு. ஆண்களுக்கு வில் 160 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, பெண்களுக்கும் இளையோருக்கும் 150. அம்பு மரத்தண்டாகவும் இறகு இயற்கையானதாகவும் இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் ஐந்தரை அடி நீளப் பொட்டலம் என்பதை மறக்காதீர்கள். தடித்த பிவிசி குழாயில் அடைத்து அனுப்பச் சொல்லுங்கள். வந்ததும் ஒரு நாள் அறையில் கிடத்திவிட்டு நாண் ஏற்றுங்கள். கழற்றிப் பூட்டும் வகை எல்ஆர்டி ரயிலில் எடுத்துப்போக வசதி. ஆனால் அதன் போல்ட் இங்கே துருப்பிடிக்கும், மாதம் ஒரு துளி எண்ணெய் வேண்டும்.

வருடங்கள் போகப் போக வில்லைவிட அதைச் சுற்றியுள்ளவைதான் தொல்லை கொடுக்கும். தோல் கைப்பிடியில் பூஞ்சை முதல் மழைக்காலத்திலேயே வரும். வியர்வையோடு பையில் போடாமல் துடைத்துக் காயவைத்தால் பாதி தொல்லை போகும். இறகைக் கரப்பான் கடிக்கும், ஆகவே மூடியுள்ள குழாயில் பாச்சை உருண்டையோடு வையுங்கள். மரத்தண்டுகள் வளையும். தட்டையான கண்ணாடிமேல் உருட்டி, தூக்கி நிற்கும் இடத்தை உள்ளங்கைச் சூட்டில் தேய்த்து நிமிர்த்தலாம். மூங்கில் பங்கு வெளியே தெரியும் வில்லில் குண்டூசித் தலை அளவுத் துளையும் கீழே மாவுபோலத் தூளும் தெரிந்தால் உளு பிடித்துவிட்டது. அந்த வில்லை மற்றவற்றிலிருந்து அன்றைக்கே பிரித்து வையுங்கள். எந்த வில்லையும் மூலையில் சாய்த்து வைக்காதீர்கள். நாணைக் கழற்றி, சுவரில் இரண்டு மரமுளை அடித்து, படுக்கை வாட்டில் கிடத்துங்கள். வெளிச்சுவராக இருந்தால் வேறு சுவர் பாருங்கள், மழைக்காலத்தில் ஈரம் அங்கேதான் முதலில் ஏறும்.