பச்சை இலை படத்துக்கு எக்ஸ்ட்ரா காசு குடுக்கலாமா? ஒரு பாகுச்சியால் சீரம் ரிவ்யூ

பிராண்ட் பேரு வேணாம், விஷயத்துக்கு வரேன். டெக்ஸ்சர் சூப்பர், ரெண்டு சொட்டு போதும், பிசுபிசுப்பு இல்ல, ராத்திரி போட்டா காலைல முகம் இழுக்காம சாஃப்டா இருக்கு. ரெட்டினால் (சுருக்கத்துக்கு போடற வைட்டமின் ஏ வகை) எரியுதுன்னு விட்டவங்க நெறைய பேரு இந்தப் பக்கம் வர்றாங்க, அதுல நியாயமும் இருக்கு, ஏன்னா கார்போகரிசி விதைல இருந்து எடுக்குற இந்த பாகுச்சியால் பத்தி 2019ல பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் டெர்மட்டாலஜில வந்த ஒரு ஸ்டடில 44 பேர ரெண்டு குழுவா பிரிச்சு, ஒண்ணுக்கு இதையும் இன்னொண்ணுக்கு ரெட்டினாலையும் 12 வாரம் குடுத்து பாத்தாங்க, சுருக்கம் கருமை ரெண்டுலயும் ரெட்டினாலுக்கு பெரிய வித்தியாசம் இல்ல, தோல் உரியறதும் எரிச்சலும் கம்மி.

ஆனா அங்க போட்டது 0.5%, தினம் ரெண்டு வேளை. இந்த பாட்டில்ல எவ்ளோன்னு எங்கயுமே போடலங்க! பின்னாடி இருக்கற பொருட்கள் லிஸ்ட்ட பாத்தா (அதிகமா இருக்கறதுதான் மேல வரும்) பாகுச்சியால் பேரு வாசனை எண்ணெய்க்கும் கீழ ஒட்டிட்டு இருக்கு. ஆனா 1%க்கு கம்மியா இருக்கறத எந்த வரிசைல வேணா போடலாம், அதனால உறுதியா எதுவும் சொல்ல முடியாது, இருந்தாலும் கடுப்பாகுது. அந்த எண்ணெய்ல லினலூல், லிமோனீன்னு வாசனைப் பொருட்கள் வேற, காத்து பட்டு பழசானா அலர்ஜி வரலாம், செடில இருந்து வந்தா மட்டும் விட்டுடுமா என்ன?

இதுல இருக்கற ஸ்குவாலேன (தோல் காயாம பாத்துக்கற எண்ணெய்) சுறா ஈரல்ல இருந்து எடுக்காம ஆலிவ்ல இருந்து எடுத்திருக்காங்க, இதுக்கு கூட காசு குடுக்க நான் ரெடி. பாட்டில்ல இருக்கற இலை படத்துக்கும் மூங்கில் மூடிக்கும் ஒரு பைசா தரமாட்டேன். பர்சன்டேஜ் போட்டா திரும்ப வாங்குவேன், 3/5.