22 படுக்கைக்கு இரவில் 2 செவிலியர்: புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனை பற்றி

2024 ஆடி மாதம், திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்த என் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அம்மாவுக்கு வயது 72. கடலூரில் முதலுதவி முடிந்ததும், தெரிந்தவர்கள் சொன்னதை நம்பி, புதுச்சேரியில் ஏறத்தாழ 120 படுக்கைகள் கொண்ட ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். 2024 ஜூலை 22 முதல் ஆகஸ்டு 2 வரை 12 நாட்கள் அம்மாவுடன் நான் அங்கேயே தங்கியிருந்தேன். அந்த நாட்களில்தான் அங்குள்ள செவிலியர்கள் சங்கம் நிர்வாகத்திடம் கோரிக்கை மனு கொடுத்து, வாயிலில் நின்று போராடிக்கொண்டிருந்தார்கள். மருத்துவமனையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. இதை எழுதும் 2024இல், அங்கே எட்டப்பட்ட உடன்பாடு இன்னும் முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. என் எழுத்தால் எந்தச் செவிலியருக்கும் இடையூறு வந்துவிடக் கூடாது. ஆனால் முதியவர்களை மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கு, எதைப் பார்த்து மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில் நான் கற்றுக்கொண்டது பயன்படும் என்று நம்புகிறேன்.

நல்லவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அறுவை சிகிச்சை மிக நன்றாக நடந்தது. எலும்பு மருத்துவர் நாள்தோறும் இருமுறை வந்து பார்த்தார். கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னார். மூன்றாம் நாளே இயன்முறை மருத்துவர் அம்மாவை வாக்கரில் நிற்கவைத்தார். கழிப்பறைகள் தூய்மையாக இருந்தன. வீடு திரும்பும் நாளில் கணக்கு முடித்துத் தர 5 மணி நேரம் எடுத்துக்கொண்டதைத் தவிர, அலுவலகப் பணிகளில் பெரிய குறை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

குறை முழுவதும் இரவில் இருந்தது. அம்மா இருந்த பொது வார்டில் 22 படுக்கைகள். பகலில் மூன்று செவிலியர்கள், இரவில் இருவர். அந்த இருவரில் ஒருவர் பல நாட்களில் பயிற்சிக்கு வந்த மாணவி. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை ஒரு ஷிப்ட், இரவு 8 முதல் காலை 8 வரை மற்றொன்று. வாரத்தில் ஆறு நாள் டியூட்டி என்றால் 72 மணி நேரம். இடுப்பெலும்பு அறுவை முடிந்த ஒருவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். கால்களுக்கு இடையே தலையணை வைத்து, உடலைத் திருகவிடாமல், இருவர் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை அது. வார்டு முழுவதற்கும் இருவர்தான் என்னும்போது, அம்மாவைப் புரட்டும் அந்த ஐந்து நிமிடம் மற்ற 21 பேருக்கும் யாருமே இல்லை என்று பொருள்.

ஜூலை 27 இரவு அம்மாவுக்கு ஏறிக்கொண்டிருந்த டிரிப்ஸ் தீர்ந்து, குழாயில் ரத்தம் ஏறத் தொடங்கியது. அழைப்பு மணியை அழுத்தினேன். யாரும் வரவில்லை. மறுபடி அழுத்தினேன். 25 நிமிடம் கழித்து சிஸ்டர் ஓடி வந்தார். மூச்சுத் திணறிய 14ஆம் எண் நோயாளியிடமிருந்து வருவதாகச் சொல்லிக்கொண்டே குழாயைச் சரிசெய்தார். அப்போது அவருடைய இடது முன்கையைப் பார்த்தேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெள்ளை மைக்ரோபோர் பிளாஸ்திரியை நீளமாக ஒட்டி, அதன் மேல் பால்பாயிண்ட் பேனாவால் பொடி எழுத்தில் எழுதி வைத்திருந்தார்: 3 சர்க்கரை, 7 கதீட்டர், 9 புரட்டணும், 14 நெபுலைசர், 18 ஊசி 2 மணி. அம்மாவின் படுக்கை எண் 9. எழுதிய வரிகளில் பாதிதான் அடிக்கப்பட்டிருந்தன. அப்போது மணி இரண்டேகால்.

இரண்டு நாள் கழித்து, அம்மாவின் முதுகெலும்பின் அடியில் தோல் சிவந்திருப்பதை அதே சிஸ்டர்தான் முதலில் கண்டுபிடித்துச் சொன்னார். படுக்கைப்புண்ணின் தொடக்கம் அது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கால்மாட்டில் தொங்கிய அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். முந்தைய இரவின் 12, 2, 4 மணிக் கட்டங்கள் மூன்றிலும் ஒரே மையில், ஒரே சாய்வில் கையொப்பம் இருந்தது. 12 மணிக்குப் புரட்டினார்கள். 2 மணிக்கும் 4 மணிக்கும் யாரும் வரவில்லை என்பதை விழித்திருந்த நான் அறிவேன். காலையில் செவிலியர் கண்காணிப்பாளரிடம் எழுத்து மூலம் புகார் கொடுத்தேன்.

மறுநாள் ஜூலை 30. தேநீர் வாங்க வெளியே வந்தபோது வாயிலருகே வேப்பமரத்தடியில் ஏறத்தாழ 40 செவிலியர்கள் கருப்புப் பட்டை அணிந்து நின்றிருந்தார்கள். இரவு டியூட்டி முடித்தவர்களும் வார விடுப்பில் இருந்தவர்களும் மட்டுமே நின்றார்கள் என்பதையும், தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்தும் அறுவை அரங்கிலிருந்தும் ஒருவரைக்கூட வெளியே அழைக்கவில்லை என்பதையும் பிறகு கேட்டறிந்தேன். ஆம்புலன்ஸ் ஒன்று வாயிலை நோக்கித் திரும்பியதும் முழக்கத்தைச் சட்டென நிறுத்தி, இரு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டு, அது உள்ளே சென்ற பிறகே மீண்டும் தொடங்கினார்கள். ஒருவர் பிடித்திருந்த அட்டையில் "5 நோயாளிக்கு ஒரு செவிலியர் வேண்டும்" என்று எழுதியிருந்தது. அடுத்ததில் "எங்கள் அசல் சான்றிதழ்களைத் திருப்பிக் கொடு" என்றிருந்தது. வேலைக்குச் சேரும்போதே இரண்டு ஆண்டு வேலையை விடுவதில்லை என்று பாண்டு எழுதி வாங்கி, படிப்புச் சான்றிதழ்களையும் வாங்கி வைத்துக்கொள்வார்களாம்.

அந்தக் கூட்டத்தில் எங்கள் வார்டு சிஸ்டரும் இருந்தார். என்னைப் பார்த்ததும் அருகில் வந்து, "அக்கா, பாட்டிம்மாவுக்கு இப்போ எப்படி இருக்கு? சிவப்பு குறைஞ்சிருக்கா?" என்று கேட்டார். என் புகாரின் மேல் விளக்கம் கேட்டு அவருக்கு மெமோ கொடுத்திருந்தார்கள். அதை அவர் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற மற்றொரு செவிலியர் சொன்னார். முதல் பேச்சுவார்த்தையில் ஆள் பற்றாக்குறை பற்றிச் சங்கம் பேசியபோது, "நோயாளிகளே உங்களைப் பற்றிப் புகார் கொடுக்கிறார்கள்" என்று நிர்வாகத் தரப்பு எடுத்துக் காட்டிய கடிதங்களில் என்னுடையதும் ஒன்று.

அன்று புதுச்சேரியில் தியாகிகள் தினம். 1936 ஜூலை 30 அன்று உரிமை கேட்டுப் போராடிய பஞ்சாலைத் தொழிலாளர்கள் 12 பேர் பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். அந்தப் போராட்டத்தின் பயனாக 8 மணி நேர வேலை இந்த மண்ணில் சட்டமானது. கடலூரிலிருந்து முதலியார்பேட்டை வழியாக வரும்போதெல்லாம் மூடிக்கிடக்கும் ஏ.எஃப்.டி. பஞ்சாலையைப் பார்த்து அம்மா அந்தக் கதையைச் சொல்வார். அந்த ஊரில், 88 ஆண்டுகளுக்குப் பிறகு, உயிர் காக்கும் வேலை செய்யும் பெண்கள் 12 மணி நேர டியூட்டியைக் குறைக்கச் சொல்லி நிற்கிறார்கள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அன்று மாலை இரண்டாவது கடிதம் எழுதினேன். அட்டவணையில் எழுதப்பட்டது தவறு, அந்தப் புகாரை நான் திரும்பப் பெறவில்லை. ஆனால் 22 பேருக்கு இருவரை வைத்துவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கையொப்பம் இருந்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தும் ஏற்பாடே அந்தத் தவறுக்குக் காரணம், எனவே விளக்கம் சொல்ல வேண்டியது நிர்வாகம்தான் என்று எழுதினேன். நிர்வாகத்துக்கு ஒரு படி, சங்கத்துக்கு ஒரு படி கொடுத்தேன்.

என் கணக்கு எளியது. எங்கள் ரசீதில் செவிலியர் பணிக்கட்டணம் என்று நாளொன்றுக்கு 750 ரூபாய் போட்டிருந்தார்கள். வார்டு நிறைந்திருக்கும் நாளில் 22 பேரிடமிருந்து 16,500 ரூபாய். மூன்று ஆண்டு அனுபவம் உள்ள எங்கள் சிஸ்டரின் மாதச் சம்பளம் 14,000 ரூபாய். பகலும் இரவும் சேர்த்து அந்த வார்டில் வேலை செய்யும் ஐந்து பேருக்கும் அதே சம்பளம் என்று வைத்தால்கூட, ஒரு நாள் கூலி மொத்தம் 3,000 ரூபாயைத் தாண்டாது. மருத்துவமனைக்கு வேறு செலவுகள் உண்டு என்பதை அறிவேன். அவற்றுக்கு அறை வாடகை, மருந்து, அறுவை அரங்கு என்று தனித்தனியே வசூலித்திருக்கிறார்கள். செவிலியருக்கென்று வாங்கிய பணம் செவிலியராக வார்டில் நிற்க வேண்டாமா?

அவர்கள் கேட்டது ஊரில் இல்லாத ஒன்றையும் அல்ல. மருத்துவக் கல்லூரி சாராத பொது மருத்துவமனைகளின் வார்டுகளில் 5 நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் பிறப்பித்த உத்தரவின்படி மத்திய அரசு அமைத்த குழு, 200 படுக்கைக்கு மேற்பட்ட தனியார் மருத்துவமனைகளில் அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளமும், 100 முதல் 200 படுக்கை வரை அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையாத சம்பளமும், 50க்கும் குறைந்த படுக்கை உள்ள சிறிய மருத்துவமனையிலேயே குறைந்தது 20,000 ரூபாயும் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. இதே ஊரில் மத்திய அரசின் ஜிப்மர் மருத்துவமனையில் செவிலிய அலுவலரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய். கேரளத்தில் 2011இல் தொடங்கிய செவிலியர் சங்கப் போராட்டங்கள்தான், 2018இல் அம்மாநில அரசு 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச ஊதியமாக அறிவிக்கும் நிலைக்குக் கொண்டுவந்தன. அரசு வேலை என்றாலே எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. தமிழ்நாட்டில் 2015இல் தேர்வெழுதித் தேர்வான செவிலியர்கள் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்து, 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை இயக்குநரகம் உள்ள டி.எம்.எஸ். வளாகத்தில் இரவு பகலாக அமர வேண்டியிருந்தது.

நோயாளிகளை வைத்துக்கொண்டு போராடலாமா என்று பக்கத்துப் படுக்கையின் உறவினர் ஒருவர் கோபப்பட்டார். அவருடைய கவலை நியாயமானது. ஆனால் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் நடந்து 2014இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு, ஒரு செவிலியர் பார்க்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினால், அறுவை நோயாளிகள் மருத்துவமனையில் சேர்ந்த 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதாகக் கண்டது. 2023 ஜனவரியில் நியூயார்க்கில் இரண்டு பெரிய மருத்துவமனைகளின் 7,000க்கும் மேற்பட்ட செவிலியர்கள் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்ததும் முதன்மையாக இந்த ஆள் எண்ணிக்கைக்காகத்தான். வாயிலில் நின்றவர்கள் கேட்டதில் பாதி என் அம்மாவுக்காகக் கேட்டது.

நாங்கள் வீடு திரும்பிய பிறகு நடந்தவற்றை சிஸ்டர்கள் தொலைபேசியில் சொல்லக் கேட்டேன். சங்கம் 14 நாள் முன்னறிவிப்புடன் வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுத்தது. தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன்னிலையில் முத்தரப்புப் பேச்சு தொடங்கியது. இதற்கிடையே ஆகஸ்டு 9 அன்று கொல்கத்தாவில் ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் இரவுப் பணியில் இருந்த பெண் மருத்துவர் கொடூரமாகக் கொல்லப்பட்டார். அதுவரை "பார்க்கலாம்" என்று தள்ளிப்போடப்பட்ட இரு கோரிக்கைகள், அதாவது உள்தாழ்ப்பாளுடன் கூடிய ஓய்வறையும் வீடு சென்று வர வேனும், அடுத்த அமர்விலேயே ஒப்புக்கொள்ளப்பட்டன. அதற்கு ஒரு பெண்ணின் உயிர் போக வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

மூன்றாம் அமர்வில், ஆகஸ்டு இறுதியில், தொழில் தகராறுச் சட்டத்தின் 12(3) பிரிவின்படி, சமரச அலுவலர் முன்னிலையில் ஒப்பந்தம் கையெழுத்தானது. சம்பளம் உடனே 18,000, அடுத்த ஏப்ரல் முதல் 20,000. பாண்டு முறை நிறுத்தப்படும். சான்றிதழ்கள் 30 நாளுக்குள் திருப்பித் தரப்படும். எங்கள் வார்டு போன்றவற்றில் இரவில் மூவர். 8 மணி நேர மூன்று ஷிப்ட் முறை 2025 ஜனவரியிலிருந்து. சிஸ்டரின் மெமோவும் திரும்பப் பெறப்பட்டது. 22 பேருக்கு மூவர் என்பது அளவுகோலுக்கு அருகில்கூட இல்லை; இதில் எனக்கு நிறைவில்லை. சங்கத்தில் சிலருக்கும் இல்லை என்றே சொன்னார்கள்.

செப்டம்பர் நடுவில் அம்மாவைப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றேன். அம்மா வாக்கரில் தானே நடந்து மாடி வார்டுக்குப் போய் சிஸ்டரைத் தேடிப் பார்த்தார். "ஏம்மா, சான்றிதழ் கைக்கு வந்துச்சா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. வந்துவிட்டது என்று சிஸ்டர் சொன்னார். அவருடைய கையில் அன்றும் பிளாஸ்திரி இருந்தது. வரிகள் குறைவாக இருந்தன.

மருத்துவத்துக்கும் செவிலியர்களின் திறமைக்கும் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். நிர்வாகம் வார்டில் நிறுத்தியிருந்த ஆள் எண்ணிக்கைக்கு ஒன்று. மொத்தத்தில், இப்போதைக்கு, மூன்று. எலும்பு அறுவைக்கு இந்த மருத்துவமனையைப் பரிந்துரைப்பேன். முதியவரைச் சேர்த்தால் இரவில் குடும்பத்தினர் ஒருவர் கட்டாயம் உடனிருக்க வேண்டும். எந்த மருத்துவமனையானாலும், முன்பணம் கட்டுவதற்கு முன் அந்த வார்டில் இரவில் எத்தனை செவிலியர்கள், அவர்களில் மாணவிகள் எத்தனை பேர் என்று கேளுங்கள். அம்மாவின் அடுத்த பரிசோதனை 2025 ஜனவரியில். அன்று இரவு 8 மணிக்கு மேல் வார்டுக்குச் சென்று, மூன்று ஷிப்ட் தொடங்கிவிட்டதா என்று பார்த்துவிட்டு இந்த மதிப்பெண்ணைத் திருத்துவேன்.